பார்த்துக் குடுங்க சார்

மேடவாக்கத்தில் மனை விற்ற எவரும் "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து தவளைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தாலும் சரி, கிரவுண்டு என்ன விலை என்பது பத்திரம் எழுதுவதற்கு முன்பே, சில இடங்களில் நிலம் காய்வதற்கு முன்பே, முடிவாகிவிடும். அதே மனையில் வீடு கட்டி, மூன்றாவது மாதம் குழாய் அடைத்துக்கொண்டு, கூட்ரோட்டிலிருந்து பிளம்பரை அழைத்து வந்தால், வேலை முடிந்து கையைத் துடைத்தபடி அவர் சொல்வது மட்டும் அந்த வசனத்தைத்தான். நூறு ரூபாயை நீட்டினால் உடனே வாங்க மாட்டார். நோட்டைப் பார்ப்பார். உங்களைப் பார்ப்பார். பிறகு, மாடியில் துணி உலர்த்தும் சாக்கில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு அம்மாவைப் பார்ப்பார். இரண்டாவது நூறு தானாக வெளியே வரும்.

விலையை வாங்குகிறவரே சொல்லட்டும் என்று விட்டால், எதிர்வீட்டு அம்மா ஒருவர் கட்டாயம் வேண்டும். இந்த அடிப்படை ஞானம் இல்லாமல் 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு பேர் கடை விரித்தார்கள்.

கைல் கேப்ளர், ரான் கார்மல் என்று பெயர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியின் வேலையை உதறிவிட்டு, '2டி பாய்' என்று பலகை மாட்டிக்கொண்டவர்கள். பிசுபிசு உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கோபுரமும் பாலமும் கட்டுகிற 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்ற விளையாட்டை 2008 அக்டோபரில் வெளியிட்டார்கள். சி.எம்.டி.ஏ. அனுமதி தேவையில்லாத கட்டுமானம் என்பதால் நன்றாகவே ஓடியது. விலை 20 டாலர். அடுத்த அக்டோபரில் விளையாட்டுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. காதுகுத்தெல்லாம் அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஆகவே, ஒரு வாரத்துக்கு யார் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

முதல் வாரத்தில் சுமார் 57 ஆயிரம் பேர் வந்தார்கள். சராசரியாகக் கொடுத்தது 2 டாலர் 3 சென்ட். அவர்களில் கிட்டத்தட்ட 17 ஆயிரம் பேர் கொடுத்தது சரியாக ஒரு சென்ட். அன்றைய மதிப்பில் நம்மூர்க் காசுக்கு ஐம்பது பைசாகூட ஆகாது. அந்த ஒரு சென்டும் அவர்கள் கைக்குப் போகவில்லை. நடுவில் இருந்த பேபால் தன் கட்டணமாக அதையும் எடுத்துக்கொண்டது. அதாவது 17 ஆயிரம் பேர் பெயரையும் கார்டு எண்ணையும் தட்டி, ரகசிய எழுத்தையெல்லாம் போட்டு, சிரமப்பட்டு பேபாலுக்கு தர்மம் செய்தார்கள். ஏன் இந்தத் தொகை என்று வாங்கியவர்களிடம் கேட்டதற்கு, இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும் என்பது அடிக்கடி வந்த பதில்.

கேப்ளரும் கார்மலும் அழவில்லை. ஒரு வருடம் விற்று முடிந்த பழைய சரக்குக்கு ஒரே வாரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வந்தது. பக்கத்துக் கடையான ஸ்டீமிலும் அந்த வாரம் விற்பனை ஏறியது. 'பார்த்துக் குடுங்க' என்று எழுதி வைத்த கடை இருக்கும்போது பக்கத்துக் கடையில் முழு விலை கொடுத்தவர்களின் மனநிலையை ஆராய யாராவது ஒரு முனைவர் பட்டம் ஒதுக்கலாம்.

இது அவர்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 1982-இலேயே ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தாங்கள் எழுதிய மென்பொருளை பிளாப்பியில் போட்டு, ஊரெல்லாம் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்று எழுதிவைத்தார்கள். ஒருவர் 25 டாலர், மற்றவர் 10 டாலர் என்று தொகையை மட்டும் காதோடு சொன்னார்கள். 1993 டிசம்பரில் 'டூம்' வந்தபோது முதல் பாகம் இலவசம், மிச்சத்துக்குக் காசு என்று வழி மாறியிருந்தது. உலகம் முழுக்க முதல் பாகத்தை நகல் எடுத்து விளையாடினார்கள். நம் பக்கத்தில் மிச்சத்தையும் நகல் எடுத்தோம்.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் தென்சென்னைப் புறநகரின் விளையாட்டு வரலாறு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் தாம்பரம், வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வளர்ந்த பையன்களுக்கு வீடியோ கேம் என்பது விலைக்கு வாங்கும் பொருளே அல்ல. அது பரம்பரைச் சொத்து. மாமா பையன் வீட்டிலிருந்து வரும். 'டேவ்' எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரோடு பிறந்தது போலிருக்கும். 'ரோட் ராஷ்' பர்மா பஜாரிலிருந்து வந்த சி.டி.யில் இருக்கும். அதே சி.டி.யில் ஒரு ரஜினி படமும், பாதியில் நின்றுபோகும் ஆன்டிவைரஸும் இருக்கும். 'வைஸ் சிட்டி'யை வாங்கியவர் என்று ஒருவர் எங்கோ இருந்திருக்க வேண்டும். அவருக்கு இந்தத் தலைமுறை சிலை வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. பிரவுசிங் சென்டரில் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆட மணிக்கணக்கில் காசு கொடுத்தோமே என்றால், அது விளையாட்டுக்கு இல்லை, ஃபேனுக்கும் நாற்காலிக்கும். விளையாட்டைச் செய்தவன் என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் வயிறு இருக்கிறது என்பது, மாடம்பாக்கம் தாண்டி கடல் இருக்கிறது என்பதைவிட நம்பக் கடினமான சேதி.

இந்த நிலையில்தான் 2010 மே 4 விடிந்தது.

வுல்ஃபயர் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் ஜெஃப் ரோசனும் கூட்டாளிகளும் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று ஒரு மூட்டை கட்டினார்கள். உள்ளே 'வேர்ல்ட் ஆஃப் கூ', 'அக்வாரியா', 'கிஷ்', 'லுகாரு', 'பெனும்ப்ரா'. பிற்பாடு 'சமோரோஸ்ட் 2'-உம் சேர்ந்துகொண்டது. எல்லாம் சேர்த்து, விலையை நீங்களே சொல்லுங்கள். இதுவரை பழைய கதைதான். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் ரோசன் குழு செய்து வைத்த காரியங்களைப் பார்த்தால், இவர்களில் யாருக்கோ பேராவூரணியில் பெண் எடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வரும்.

தெரியாதவர்களுக்கு: ஆடி, ஆவணி மாதங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பணம் தேவைப்படுகிறவர் பந்தல் போட்டு, ஆடு அடித்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை, மேசையில் நோட்டு இருக்கிறது, நோட்டில் பெயர் இருக்கிறது, பக்கத்தில் எழுதுகிறவர்களின் உறவினர்கள் இருக்கிறார்கள். 2019-இல் வடகாட்டில் ஒரு விவசாயி நடத்திய விருந்தில் ஆயிரம் கிலோ ஆட்டுக்கறி வெந்தது. வசூல் 4 கோடி ரூபாய். சிலிக்கான் பள்ளத்தாக்கில் முதலீட்டாளர்களிடம் இதைப் பெற வாரக்கணக்கில் படம் போட்டுக் காட்ட வேண்டும். கறிக்குழம்பு ஊற்றினால் போதும் என்பது அங்கே இன்னும் எட்டவில்லை.

ஹம்பிள்காரர்கள் வைத்தது இதே மேசை. இதுவரை மொத்த வசூல் எவ்வளவு என்பது பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் கொடுத்தவர்கள் யார் என்று பெயர்ப் பட்டியல் தொங்கியது. விண்டோஸ்காரர், மேக்காரர், லினக்ஸ்காரர் என்று வகையறா பிரித்து, ஒவ்வொரு வகையறாவும் சராசரி எவ்வளவு எழுதியது என்பதும் வெளிச்சம் போட்டுக் காட்டப்பட்டது. இங்கேதான் வேடிக்கை. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கே காசு தராமல் இலவசமாக வைத்திருக்கும் லினக்ஸ்காரர்கள்தான் மூன்று வகையறாவிலும் அதிகம் கொடுத்தார்கள்: சராசரி சுமார் 14 டாலர். விண்டோஸ்காரர்கள் 8 டாலர் பக்கம் நின்றார்கள். ஊரில் கஞ்சன் என்று பெயர் வாங்கியவர் மைக் வைத்த இடத்தில் மட்டும் தாய்மாமன் ஆகிவிடுவது எல்லா நாட்டிலும் உண்டு.

இன்னொரு வசதியும் இருந்தது. கொடுக்கிற பணத்தில் விளையாட்டு செய்தவர்களுக்கு எவ்வளவு, இணைய உரிமைகளுக்காக வாதாடும் ஈ.எஃப்.எஃப். அமைப்புக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் தரும் 'சைல்ட்ஸ் பிளே'வுக்கு எவ்வளவு என்று வாங்குகிறவரே நகர்த்திப் பிரிக்கலாம். ஒரு சென்ட் கொடுக்க நினைத்த கை, நோயாளிக் குழந்தையின் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் நடுங்குமா, நடுங்காதா? அதே 2010-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் ராட்டின போட்டோவை உங்கள் விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோது சராசரி 92 சென்ட். பாதி தர்மத்துக்கு என்று சேர்த்துச் சொன்னதும் 5 டாலர் 33 சென்ட். ஆனால், தர்மம் என்றதும் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் போட்டோவே வேண்டாம் என்று நழுவிவிட்டார்கள். உண்டியலைக் கண்டதும் செல்போனை எடுத்துக் காதில் வைக்கிற அதே வம்சம்.

முடிவில் மூட்டையை வாங்கியவர்கள் 1,38,813 பேர். தொகை 12 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல். ஆளுக்குச் சராசரி 9 டாலருக்குக் கொஞ்சம் கூட. ஏழு மாதத்துக்கு முன் 2 டாலராக இருந்த மனிதகுலம் திருந்தவில்லை. எதிர்வீட்டு அம்மா குடிவந்துவிட்டார். மொய்க்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வுல்ஃபயர்காரர்கள் யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் கவரோடு போனதாகத் தகவல் இல்லை.

இதற்கு நடுவில் வந்த கணக்கு ஒன்றுதான் இந்த வரலாற்றின் மணிமகுடம். சுமார் கால்வாசிப் பதிவிறக்கம் திருட்டுத்தனமாக நடந்தது என்று வுல்ஃபயர் மதிப்பிட்டது. ஒரு சென்ட் கொடுத்தால் சட்டப்படி கிடைக்கும் பொருளை, அந்த ஒரு சென்டையும் மிச்சம் பிடித்துத் திருடினார்கள். அமெரிக்காவே அதிர்ந்தது. பர்மா பஜாரில் இதைக் கேட்டிருந்தால் தொழில் தர்மம் கெட்டுவிட்டது என்று வருத்தப்பட்டிருப்பார்கள். அவர்கள் சி.டி.க்குக் குறைந்தபட்சம் ஐம்பது ரூபாயாவது வாங்கினார்கள்.

ஆனால் மேடவாக்கத்துப் பையனைத் திருடன் என்று சொல்வதற்கு முன் அவன் தரப்பையும் கேளுங்கள். 2010 மே மாதம் அவன் உண்மையிலேயே ஒரு சென்ட் கொடுத்துப் புண்ணியம் தேட விரும்புகிறான் என்று வையுங்கள். அவன் டெபிட் கார்டு மேடவாக்கம் ஏ.டி.எம்.மைத் தாண்டி செல்லாது. பேபாலோ அந்த பிப்ரவரியில்தான் இந்தியாவோடு தனிநபர் பணப் பரிமாற்றத்தை நிறுத்தி வைத்திருந்தது. ஆக கிரெடிட் கார்டு வேண்டும். அதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். அதற்கு சோழிங்கநல்லூரில் வேலை வேண்டும். அதற்கு டிகிரி வேண்டும். அதற்கு நான்கு அரியர் முடிக்க வேண்டும். நாற்பத்தைந்து காசு கொடுக்க இத்தனை வருடம். அரியர் வந்ததே வீடியோ கேம் ஆடியதால்தான் என்று அவன் அப்பா சொல்வது வேறு விவகாரம்.

நல்ல மேசை கிடைத்துவிட்டால் ஊர் அதை என்ன செய்யும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2010 டிசம்பரில் இரண்டாவது மூட்டை. சராசரியைவிடக் கூடக் கொடுப்பவர்களுக்கு முதல் மூட்டையும் சேர்த்துக் கிடைக்கும் என்று இடையில் ஒரு தூண்டிலைப் போட்டார்கள். எல்லோரும் சராசரியை மிஞ்ச, சராசரி ஏற, மறுநாள் வந்தவர் அதையும் மிஞ்ச வேண்டியதாயிற்று. பட்டியலின் உச்சிக்கு 'மைன்கிராஃப்ட்' செய்த மார்கஸ் பெர்சன் ஆயிரக்கணக்கில் டாலர் போட்டு ஏறி உட்கார்ந்தார். பின்னாளில் அவரை இறக்குவதற்காகவே சிலர் கூட்டுச் சேர்ந்து பணம் போட்டார்கள்.

2011 டிசம்பரில் அடிமட்டத்துக்காரர்கள் பதிலடி கொடுத்தார்கள். ஸ்டீம் பண்டிகைப் பரிசுக் குலுக்கல் நடத்தியது. ஹம்பிள் மூட்டையோடு ஸ்டீம் சாவி வரும். ஒரு சென்டுக்கு ஒரு மூட்டை, அதற்கு ஒரு போலிக் கணக்கு, அதற்கு ஒரு குலுக்கல் வாய்ப்பு என்று ஆட்கள் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். தர்ம காரியத்தை லாட்டரிச் சீட்டாக மாற்ற மனிதனுக்கு ஒன்றரை வருடம் போதுமானதாக இருந்தது. ஸ்டீம் சாவி வேண்டுமென்றால் குறைந்தது ஒரு டாலர் என்று ஹம்பிள் பலகை மாட்டியது. பிளம்பரும் ஒருநாள் "மினிமம் இருநூறு சார்" என்று சொல்லத்தானே செய்தார்.

மைக் இல்லாமல் காலம் தள்ளியவர்களும் உண்டு. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006 முதல் 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' விளையாட்டை இலவசமாகவே கொடுத்து, நன்கொடையில் வாழ்ந்தார்கள். பணம் அனுப்பியவர்களுக்கு கிரேயான் படமோ ஒரு சின்னக் கதையோ கைப்பட அனுப்பினார்கள். பதினாறு வருடம். பிறகு வைத்தியச் செலவு பயமுறுத்தவே, 2022 டிசம்பரில் ஸ்டீமில் 30 டாலர் என்று விலை எழுதி வைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் பிரதிகள் போயின. அதே விளையாட்டின் பழைய வடிவம் அவர்களுடைய சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடந்தது. யாரும் பார்க்காத உண்டியலைவிட எல்லோரும் பார்க்கும் விலைச் சீட்டு மேல் என்று கிரேயானைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் புரிந்துகொண்டிருக்கலாம். டொராண்டோவிலிருந்து 2023-இல் வந்த 'வெண்பா' இந்த வம்பே வேண்டாமென்று ஆரம்பத்திலேயே 15 டாலர் என்று சொல்லிவிட்டது. இட்லி சுடுவதை விளையாட்டாக்கியவர்களுக்குப் பேரத்தின் ஆபத்து தெரியாமலா இருக்கும்.

ஹம்பிள் மேசையை 2017-இல் ஐ.ஜி.என். என்ற நிறுவனம் வாங்கியது. 2021-இல், தர்மத்துக்கு எவ்வளவு என்று நகர்த்தும் குமிழுக்கு ஓர் எல்லை போட்டார்கள். மொய் நோட்டை மண்டபக்காரரே எடுத்துக்கொண்ட மாதிரி ஆனதால் கூச்சல் எழுந்தது.

மைக் வைத்த பந்தலுக்கு மவுசு மட்டும் குறையவில்லை. 2020 ஜூனில் 'இட்ச்' என்ற தளம் இனவெறிக்கு எதிரான வழக்குகளுக்கும் ஜாமீன் நிதிக்கும் என்று ஒரு மூட்டை கட்டியது. குறைந்தது 5 டாலர். ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட உருப்படிகள். எட்டு லட்சம் பேர் சேர்ந்து 80 லட்சம் டாலருக்கு மேல் எழுதினார்கள். அத்தனை விளையாட்டையும் ஆடி முடித்தவர் ஒருவராவது இருந்தால் அவருக்கு நிச்சயம் அரியர் இருக்கும்.

இட்சை 2013-இல் தொடங்கிய லீஃப் கார்கரன் இன்னொன்றும் செய்தார். விற்பனையில் தன் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை விளையாட்டு விற்பவரே முடிவு செய்யலாம் என்று 2015-இல் அறிவித்தார். பத்து என்று எழுதியிருக்கும், பூஜ்யமாகவும் மாற்றிக்கொள்ளலாம். கடைக்கு வாடகை எவ்வளவு என்று குடியிருப்பவரிடம் கேட்கிற வீட்டுக்காரர். இந்தச் சேதியை வேளச்சேரி மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் சொன்னேன். அவர் அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று கேட்டார்.