முதல் நாளே பன்னிரண்டு டென்ஸ்

சம்பளமில்லாமல் ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் நல்ல மனிதர் முதலில் தூசு தட்டுவது 1935-இல் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கண நூலைத்தான். திங்களன்று பன்னிரண்டு டென்ஸ், செவ்வாயன்று பாஸிவ் வாய்ஸ், வெள்ளிக்கிழமைக்குள் சரளமான பேச்சு எனப் பாடத்திட்டம் தயார். எதிரே உட்கார்ந்திருக்கும் 50 வயது அம்மாவுக்கோ மாத்திரை அட்டையில் உள்ள பெயரை வாசிக்க வேண்டும். பேரனின் பள்ளியிலிருந்து போன் வந்தால் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்கெல்லாம் திட்டத்தில் இடமில்லை.

ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-லேயே 850 சொற்களைக் கொண்டு ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். நம் ஆசிரியரோ அத்தனையையும் முதல் வகுப்பிலேயே, அதுவும் தாமே, பேசித் தீர்த்துவிடுகிறார்.

பாடத்தைத் திட்டமிடும் முன் ஒன்று கேளுங்கள், ஐயா: “உங்களுக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டும்?” தமிழிலேயே கேட்கலாம், குற்றமில்லை.