பட்டம் யாருக்கு, ஊர் யாருக்கு?

வாசகர், கருக்களாச்சேரி: எங்கள் ஊர் மீனவர் ஊர். தஞ்சாவூர் ராஜ வம்சத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சிம்மாசனத்துக்கு விலையாகப் போன ஊர் உங்களுடையது. 1738-ல் தஞ்சை போன்ஸ்லே குடும்பத்தில் பங்காளிச் சண்டை. பட்டத்துக்கு நின்ற சாகுஜி, புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டார். பதிலுக்குக் காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, ஐந்து கிராமங்கள் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை ஏறியதும் பேச்சு மாறினார். பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியவரான சந்தா சாகிப்பின் படை பிடித்துக் கொடுத்த பிறகே, 1739 பிப்ரவரியில் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

வாசகி, திருமலைராயன்பட்டினம்: ஊரையே கொடுத்து வாங்கிய பட்டம் நிலைத்ததா?

அந்த ஆண்டே பறிபோனது. பங்காளி பிரதாப சிங் அரசரானார். சாகுஜி 1749-ல் ஆங்கிலேயரிடம் போனார். கொள்ளிடம் முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையைத் தருவதாகச் சொன்னார். அவர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், பிரதாப சிங்கோடு சமாதானம் பேசிக் கோட்டையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், சாகுஜிக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்து ஒதுக்கினார்கள். ஒரு வீட்டுச் சண்டையில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் இரண்டும் காவிரிக் கரையோரத்தில் காலூன்றிவிட்டன. வாரிசுச் சண்டையில் தோற்றது சாகுஜி மட்டுமல்ல, நாடும்தான்.

வாசகர், நெடுங்காடு: தத்துப் பிள்ளைக்குப் பட்டம் உண்டா?

யார் கையில் படை இருந்ததோ, அவர் சொன்னதுதான் சாஸ்திரம். தஞ்சை அரசர் துளஜாஜி 1787-ல் இறக்கும் தறுவாயில் சரபோஜியைத் தத்தெடுத்தார். தத்து செல்லாது என்று சொல்லி, துளஜாஜியின் தம்பி அமர் சிங்கை ஆங்கிலேயக் கம்பெனி அரசராக்கியது. 1798-ல் அதே கம்பெனி, தத்து செல்லும் என்று சொல்லி சரபோஜியை அமர்த்தியது. மறு ஆண்டே உடன்படிக்கை. நாட்டு நிர்வாகம் கம்பெனிக்கு, கோட்டையும் பட்டமும் ராஜாவுக்கு.

வாசகி, கோட்டுச்சேரி: அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு உரிமையே இல்லையா?

கேட்டுப் போராடிய ஒருவரை நாம் மறந்துவிட்டோம். கடைசி ராஜா சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மகள் இருந்தும் பட்டம் முடிந்தது என்றது கம்பெனி. அரண்மனைச் சொத்துக்கும் பூட்டுப் போட்டது. மூத்த ராணி காமாட்சிபாய் சாகேப் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், 'இது அரசின் செயல், கோர்ட் தலையிட முடியாது' என்று தீர்ப்பைப் புரட்டியது. சொந்தச் சொத்து 1862-ல் திரும்பி வந்தது, பட்டம் வரவில்லை. கைம்பெண்ணாகி நின்ற நிலையிலும் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்த அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும்.

வாசகர், நிரவி: ஆற்காடு இளவரசர் என்று இன்றும் சொல்கிறார்களே, அது எப்படி?

அதே 1855-ல் ஆற்காடு நவாப் குலாம் கவுஸ் கானும் பிள்ளையில்லாமல் இறந்தார். நவாப் பட்டம் ஒழிந்தது. ஆனால் அவருடைய சிறிய தகப்பனார் அசீம் ஜாவுக்கு 1867-ல் விக்டோரியா ராணி 'ஆற்காடு இளவரசர்' என்று பரம்பரைப் பட்டம் கொடுத்தார். நாட்டோடு சேராத பட்டம் என்பதால், 1971-ல் மன்னர் மானியத்தையும் மன்னர் அங்கீகாரத்தையும் ஒழித்த 26-ஆவது சட்டத்திருத்தத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது.

வாசகர், திருநள்ளாறு: போன்ஸ்லே வம்சம் நமக்கு விட்டுப்போனதுதான் என்ன?

தஞ்சைக்குப் போனால் பெரிய கோயில் திருச்சுற்றுச் சுவரைப் பாருங்கள். 1803-ல் சரபோஜி தன் வம்ச வரலாற்றை மராத்தியில் கல்லில் வெட்டி வைத்தார். சுவர் நெடுக வரிவரியாக ஓடுகிறது. பிறகு சரஸ்வதி மகாலுக்குப் போங்கள். நாயக்கர் காலத்து நூலகத்தை அவர்தான் பெருக்கினார்; ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுப்பி வழிப்போக்கருக்குச் சோறு போட்டார். ஆட்சி கையைவிட்டுப் போன பிறகு செய்த வேலைகள் இவை. பட்டத்துக்குப் பெருமை தேடிக்கொடுத்தவர் அவரே.

வாசகி, காரைக்கால்: இன்று அவர்களை ராஜா என்று அழைக்கலாமா?

மரியாதைக்காகத் தாராளமாக அழைக்கலாம். குடும்பத்தார் இன்றும் பரம்பரை அறங்காவலர்கள். தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்கள் அந்தப் பொறுப்பில் வருகின்றன. விளக்கெரியும் கோயிலைக் காப்பது கௌரவமான வேலை. சட்டத்தின் முன் அவர்களும் நம்மைப்போலக் குடிமக்கள்தான்.

வாசகர், கருக்களாச்சேரி: 1739-ல் எங்கள் ஊராரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்கவில்லை. ராஜா கொடுத்தார், கவர்னர் வாங்கினார். 215 ஆண்டுகள் கழித்து, 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரி அருகே கீழூரில், பிரெஞ்சிந்திய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சாகுஜிக்குப் பிறப்பால் கிடைத்த அதிகாரத்தைவிட, உங்கள் தாத்தா பாட்டி தேர்ந்தெடுத்தவர்கள் போட்ட அந்த வாக்கு பெரியது. அடுத்த தேர்தலில் யாராவது குடும்பப் பெயரை மட்டும் சொல்லி வாக்குக் கேட்டு வந்தால், உங்கள் ஊர் எப்படிக் கைமாறியது என்று அவருக்குச் சொல்லுங்கள்.