திகில்தொடர்ப் பிள்ளையியல்

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று மெய்ப்பாட்டியலில் வகுத்தார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ராஜபாளையத்துக்காரருக்கு நான்கும் கைக்கெட்டும் தூரம்தான். அணங்குக்கு மேற்கே மலையடிவாரத்து அய்யனார் கோவில். விலங்குக்கு, 2021 முதல் புலிகள் காப்பகம். கள்வர் வந்தால் பார்த்துக்கொள்ள, 2005-இல் தபால்தலையிலேயே ஏறிய வெள்ளை நாய். தம் இறைக்கு, வீட்டில் அப்பா.

ஐந்தாவது ஒன்று உண்டு. டிவி வராத காலம் என்பதால் தொல்காப்பியர் விட்டுவிட்டார். அது திகில்தொடர் நாயகனின் பால்யம்.

இதற்கு இலக்கியம் 'விடாது கருப்பு': இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி 1997-இல் சன் டிவியில் வந்தது. தப்புச் செய்தவனைக் கருப்பு அடிக்கிறது; ராத்திரியில் குதிரைக் குளம்படி கேட்கிறது. கடைசியில் பார்த்தால் கருப்பு எந்த மலையிலிருந்தும் இறங்கவில்லை. ராஜேந்திரன் என்ற சாதுவான ஆளுக்குள், பெரியவர்களின் அநியாயத்தைப் பார்த்து வாயடைத்துப்போன பையன் ஒருவன் குடியிருந்திருக்கிறான். (முடிவைச் சொல்லிவிட்டதாகக் கோபிப்பவர்கள் இத்தனை வருஷம் என்ன செய்தார்கள்?)

இழவைத் தொல்காப்பியர் அழுகையின்கீழ் வைத்தார். தொடர்க்காரர்கள் அதைத் தூக்கி அச்சத்தில் போட்டார்கள். சரியாகத்தான் போட்டார்கள். அழவேண்டிய நேரத்தில் அழவிடாத பிள்ளைதான் பின்னால் குதிரை ஏறுகிறது.

பிள்ளை மூவகைப்படும்: பார்த்த பிள்ளை, பறிகொடுத்த பிள்ளை, பயந்த பிள்ளை. முதல்வகை ராஜேந்திரன். இரண்டாம் வகைக்கு அமெரிக்கா போகவேண்டும். 2018-இல் வந்த 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', தாயைப் பறிகொடுத்த ஐந்து பேருக்குத் துக்கத்தின் ஐந்து நிலைகளை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டது. மூத்தவனுக்கு மறுப்பு, தலைச்சன்கள் எங்கேயும் அப்படித்தான்.

மூன்றாம் வகைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரே போதும். தூக்கத்தில் எழுந்து அலறும் பிள்ளையிடம், என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது முதல்வகைக்கு மாறிவிடும். "புள்ள என்னத்தையோ பாத்துப் பயந்துருக்கு" என்று பாட்டி தீர்ப்புச் சொல்கிறாள். வேப்பங்கொத்தால் தலையிலிருந்து கால்வரை தடவி, முகத்தில் சுளீரென்று தண்ணீர் அடித்து, திருநீறு பூசி, கறுப்புக் கயிறு கட்டி, வாயில் ஒரு விள்ளல் பால்கோவாவையும் திணிக்கிறார்கள். அலறல் நிற்கிறது. வாய் நிறையப் பால்கோவா இருந்தால் நிற்கத்தானே செய்யும்?

இம்மூன்றிலும் அடங்காதது, சோறு உண்ண அடம்பிடித்ததற்காக "கருப்பு வாரான்" என்று மிரட்டப்பட்ட பிள்ளை. அதைப் புறனடையில் சேர்த்துக்கொள்க. இவ்விரண்டு ஊரிலும் அநேகமாக எல்லாருமே புறனடைதான்.