உலவிகளின் மெய்க்கீர்த்தி: ஓர் ஆய்வு

இணையதளம் நடத்துகிறவர்கள் எல்லோரிடமும் ஓர் அட்டவணை உண்டு. வந்து போனவர்களில் விண்டோஸ்காரர் இத்தனை சதவீதம், ஆண்ட்ராய்டுகாரர் இத்தனை. குரோமில் வந்தவர் இத்தனை, சஃபாரியில் வந்தவர் இத்தனை. கூகுள் அனுப்பி வைத்தவர் இத்தனை, பிங் அனுப்பியவர் இத்தனை. எல்லாம் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சுத்தமாக இருக்கும்; பக்கத்தில் வண்ணமயமான வட்டப்படம் வேறு. இந்த அட்டவணையைப் புள்ளியியல் துறையிடமிருந்து பறித்துக் கல்வெட்டியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஏனெனில் இதில் எண்ணப்படுவது உலவி தன்னைப் பற்றித் தானே பாடிக்கொள்ளும் புகழுரை. சோழ அரசர்கள் அதைக் கல்லில் வெட்டினால் மெய்க்கீர்த்தி என்கிறோம். முதலாம் ராஜராஜன் காலம் தொட்டு அது கல்வெட்டின் தலையில் முறையாக இடம்பெறுகிறது. உலவியோ ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் வாசலில் நின்று தன் மெய்க்கீர்த்தியைப் பாடிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. சர்வர் அதை அப்படியே குறித்துக்கொள்கிறது. சரிபார்க்க அதற்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை.

இந்த மெய்க்கீர்த்தியின் வரலாறு 1993இல் மொசைக் உலவியோடு தொடங்குகிறது. அது தன் பெயரையும் பதிப்பையும் சொன்னதோடு நின்ற உத்தமன். மறு ஆண்டு வந்த நெட்ஸ்கேப், மொசில்லா என்ற தன் செல்லப்பெயரைச் சொல்லிக்கொண்டது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் வித்தை அதற்குத் தெரிந்தபோது, 'மொசில்லா என்பவனுக்கு நல்ல பக்கத்தைக் கொடு, மற்றவனுக்கு வெறும் பக்கம் போதும்' என்று தளக்காரர்கள் வாசலில் விதி எழுதி வைத்தார்கள். 1995இல் பிறந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் அந்த வித்தை கைவந்தது. ஆனால் பெயர் மொசில்லா இல்லையே! அது கூச்சப்படவில்லை. 'நான் மொசில்லா' என்று உரக்கச் சொல்லி, 'ஒத்துப்போகிற வகை' என்று அடைப்புக்குறிக்குள் முணுமுணுத்து, அதற்கும் பின்னால் தன் சொந்தப் பெயரை வைத்தது. அன்றிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இதே வழிதான். நெட்ஸ்கேப்பின் வாரிசு கெக்கோ என்ற எந்திரத்தோடு வந்து நல்ல பக்கங்களை வாங்கத் தொடங்கியதும், கான்குவரர் என்ற உலவி 'கெக்கோ போல' என்று சேர்த்துக்கொண்டது. கான்குவரரின் எந்திரத்தை எடுத்து 2003இல் சஃபாரியைச் செய்த ஆப்பிள் அந்த உவமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 2008இல் வந்த குரோம் ஆப்பிளின் எந்திரத்தில் ஓடியதால் முன் சொன்ன அனைத்தையும் சொல்லி, இறுதியில் 'சஃபாரி' என்றும் முடித்தது. இன்றைய எட்ஜின் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டு வாசிப்பதுபோல் வாசித்தால் இப்படி இருக்கும்: மொசில்லா ஐந்து, விண்டோஸ் என்டி பத்து, ஆப்பிள் வெப்கிட், கேஹெச்டிஎம்எல், கெக்கோ போல, குரோம், சஃபாரி, எட்ஜ். அந்தக் கடைசிப் பெயரிலும் ஓர் எழுத்தை வேண்டுமென்றே விழுங்கியிருக்கிறார்கள். முழுப் பெயரைச் சொன்னால் வாசலில் இருக்கும் விதிகள் பழைய எட்ஜ் என்று நினைத்துவிடும். சோழர்கள் மாறி மாறி ராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் சூடிக்கொண்டதால் எந்தக் கல்வெட்டு எந்த அரசனுடையது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டு பட்டங்களுக்கே அந்தப் பாடு. இங்கே எல்லோருக்கும் ஒரே பட்டம்.

இயங்குதளத்தின் பாடு வேறு. அங்கே மாறுவேடம் குறைவு. காலம் உறைந்துபோவதுதான் அதிகம். 2021இல் விண்டோஸ் 11 வந்தது. மெய்க்கீர்த்தியில் அது இன்றும் என்டி 10தான். மேக் கணினிகள் எத்தனை புதுப்பித்தாலும் 10.15இலேயே நிற்கின்றன. ஆண்ட்ராய்டு குரோமோ நேற்று வாங்கிய போனிலும் 'ஆண்ட்ராய்டு 10, கே' என்றே சொல்கிறது. 'கே' என்று ஒரு போனும் கிடையாது. அந்தரங்கம் கருதி மாடல் பெயரை எடுத்துவிட்டு வைத்த ஒற்றை எழுத்து அது. ஐபேடு 2019 முதல் தன்னை மேக் என்று அறிமுகம் செய்துகொள்கிறது. இவற்றையெல்லாம் மிஞ்சியது கூகுளின் தேடல் பூச்சி. பக்கங்களை மேய்ந்து திரியும் அந்த நிரல் ஏதோ ஒரு தரவு மையத்தில் குடியிருக்கிறது. கையில் நெக்சஸ் 5எக்ஸ் போன் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. வடிகட்டத் தெரியாத தளக்காரர், அந்த 2015ஆம் ஆண்டு போனுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று வியந்துகொண்டிருப்பார்.

'பிழை இருக்கட்டும், லட்சக்கணக்கில் எண்ணும்போது இந்தப் பக்கப் பிழையும் அந்தப் பக்கப் பிழையும் ஈடாகிவிடாதா?' என்று புள்ளியியலார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிழை இரு பக்கமும் சாய்ந்தால்தானே ஈடாகும்? சிறியவன் பெரியவன் வேடம் போடுவான். குரோம் ஒருநாளும் விவால்டி என்ற சிறிய உலவியின் வேடம் போடாது. விவால்டி 2019 டிசம்பரில் தன் பெயரைப் பெரும்பாலான தளங்களிடம் சொல்வதை நிறுத்தி, குரோமின் மெய்க்கீர்த்தியை அப்படியே பாடத் தொடங்கியது. தன் பெயரைச் சொன்னால் சில தளங்கள் உள்ளே விடவில்லை என்பதே காரணம். பிரேவ் உலவிக்கும் அதே வழக்கம். இங்கேதான் இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இருக்கிறது. தளக்காரர் அட்டவணையைப் பார்க்கிறார். ஒரு சதவீதம்கூட இல்லாத உலவிக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கைவிடுகிறார். கைவிடப்பட்ட உலவி வேடம் போடுகிறது. அடுத்த மாத அட்டவணையில் அதன் சதவீதம் இன்னும் இறங்குகிறது. தளக்காரர் தம் முடிவு சரிதான் என்று மகிழ்கிறார். அளந்ததால் குறைந்ததை, குறைவாக இருந்ததால் விட்டோம் என்று எழுதிக்கொள்ளும் கணக்கு இது.

பதிப்பு எண்ணைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடிவதில்லை. 2009இல் ஓப்பரா பத்தாம் பதிப்பை எட்டியபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்துவிட்டு 'ஒன்றாம் பதிப்பா, ரொம்பப் பழசு' என்று விரட்டும் தளங்கள் இருந்ததால், 9.80 என்று சொல்லிக்கொண்டு காலம் தள்ளியது. 14 ஆண்டு கழித்தும் தளங்களுக்குப் பாடம் ஏறவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 110ஐ எட்டியதும், தன் மெய்க்கீர்த்தியில் உள்ள ஓர் உள் எண்ணை 109இலேயே நிறுத்தி 119 வரை ஓட்டியது. 11 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று கொள்ளும் தளங்கள் இருந்ததுதான் காரணம்.

'ஒரு தளத்தின் கணக்கை விடுங்கள், பல லட்சம் தளங்களைச் சேர்த்து எண்ணும் நிறுவனங்கள் இல்லையா?' என்பது அடுத்த ஆட்சேபம். 2012 மே மாதத்தைப் பார்ப்போம். குரோம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை முந்திவிட்டது என்றது ஸ்டாட்கவுன்டர். எக்ஸ்ப்ளோரர்தான் பாதிக்கு மேல் வைத்திருக்கிறது என்றது நெட் அப்ளிகேஷன்ஸ். முன்னது பார்த்த பக்கங்களை எண்ணியது; பின்னது வந்த ஆட்களை எண்ணி, நாட்டுவாரியாக எடை போட்டது. இரண்டும் அவரவர் முறைப்படி சரியே. விரும்பிய உலவிக்கு விரும்பிய நிறுவனத்தை மேற்கோள் காட்டும் வசதி வாசகர்களுக்குக் கிடைத்தது.

தேடுபொறி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கே பொய்யை விட மௌனம் கூடுதல். என்ன தேடி வந்தார்கள் என்பதை ஒருகாலத்தில் தளக்காரர் அறிந்திருந்தார். 2011 அக்டோபரில் கூகுள் அதை மறைக்கத் தொடங்கியது, 2013க்குள் அநேகமாக முழுதும் மறைத்துவிட்டது. வாட்ஸப்பில் வந்த சுட்டியைத் தட்டி வருகிறவர் பெரும்பாலும் எங்கிருந்து வந்தேன் என்று சொல்வதில்லை. அவர் 'நேரடி வருகை' ஆகிவிடுகிறார். இவ்வளவு பேர் நம் முகவரியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்களே என்று தளக்காரர் பூரித்துப்போகிறார்.

'இப்போது குரோம் புதுமுறை கொண்டுவந்திருக்கிறதே, கேட்ட விவரத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்லுமே' என்பது கடைசி ஆட்சேபம். உண்மைதான், விண்டோஸ் 11ஐ அதில் கண்டுபிடித்துவிடலாம். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் அந்த முறையில் சேரவில்லை என்பது ஒருபுறமிருக்க, அந்த ஒழுங்கான பட்டியலிலும் குரோம், குரோமியம் என்ற பெயர்களோடு 'நாட் எ பிராண்ட்' என்ற மூன்றாவது பெயர் ஒன்று பதிப்பு எண்ணோடு நிற்கிறது. அப்படி ஓர் உலவி உலகில் இல்லை. பெயரை நம்பி யாரும் மறுபடி விதி எழுதிவிடக் கூடாதே என்று, வேண்டுமென்றே நுழைத்த கற்பனைப் பாத்திரம் அது. ஆகவே தளக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அட்டவணையைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், வட்டப்படமும் இருக்கட்டும். அதைப் பார்த்து யாரையும் வாசலில் நிறுத்தாதீர்கள்.