பழைய லேப்டாப்புக்கு வைஃபை இணைப்பு: பாகூர், வில்லியனூர் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து

இப்பொருள் குறித்து இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று தொடங்குவது ஆய்வுலக மரபு. தேடிப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வது சிறுவழக்கு. தேடாமலே சொல்வது பெருவழக்கு. இக்கட்டுரை பெருவழக்கைப் பின்பற்றுகிறது.

களம், புதுவையின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்கள். களத்தேர்வுக்குக் காரணம் கேட்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பாகூரின் அஞ்சல் எண் 607402, கடலூர்ப் பக்கத்து வரிசை. தொலைபேசிக் குறியீடு 0413, புதுச்சேரி வரிசை. கடிதம் ஒரு திசையிலும் குரல் வேறொரு திசையிலும் வந்து சேரும் ஊரில் இணையம் எத்திசையில் வரும் என்பது ஆராயத்தக்க கேள்வி. (கேபிள்காரர் வீட்டுத் திசையில் வருகிறது. ஆனால் இப்படி உடனே விடை சொல்லிவிட்டால் கட்டுரை நீளாது.)

இவ்வட்டாரத்தில் இணைப்புக் குறித்துக் கிடைக்கும் மூத்த சான்று கீழூரில் உள்ளது. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அது இந்தியாவோடு இணைவது பற்றிய வாக்கெடுப்பல்லவா என்று குறுக்கிடுவோர் உண்டு. தலைப்பில் உள்ள சொல் எங்காவது தட்டுப்பட்டால் உடனே மேற்கோள் காட்டிவிடுவது நம் ஆய்வேடுகளின் நடைமுறை. அதை மாற்ற இக்கட்டுரைக்கு அதிகாரமில்லை.

இனி, ‘பழைய’ என்பதன் வரையறை. 1999க்கு முந்தைய லேப்டாப்புகள் தொல்பழங்காலத்தவை, பரணில் உள்ளன. 1999க்குப் பிந்தியவை அட்டைக் காலத்தவை: பக்கவாட்டில் ஓர் அட்டையைச் செருகினால் 802.11பி என்ற விதிப்படி நொடிக்கு 11 மெகாபிட் வரும் என்பது ஏட்டுச் செய்தி. லேப்டாப் இருக்கும், அட்டை இராது. 2003இல் வந்த ‘ஜி’ விதியில் 54 மெகாபிட், 2009இல் ‘என்’. இவற்றோடு தனி வகையாக எண்ணத்தக்கவை, 2011 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கியவை. புதுவைக் கிராமத்தில் இவை கிடைப்பது எப்படி என்று வியக்க வேண்டாம். பாகூரைச் சூழ்ந்திருப்பது கடலூர் மாவட்டம். கொள்வினை கொடுப்பினை அதிகம். பண்ருட்டிப் பெண்ணின் ப்ளஸ் டூ லேப்டாப் சீர்வரிசையோடு வந்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தங்கிவிடுகிறது. பண்பாட்டுப் பரவல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நம் ஆய்வுப்பொருளான லேப்டாப் ‘ஜி’ காலத்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடுவது. 2001இல் பிறந்த எக்ஸ்பியை 2014 ஏப்ரல் 8 அன்று பெற்றவர்களே கைகழுவிவிட்டார்கள். உடல்நிலை: மூடியின் கீல் தளர்ச்சி, பேட்டரி காலமாகிவிட்டது, ‘எஸ்’ பொத்தான் இல்லை. முன்விளிம்பில் ஓர் ஆரஞ்சு விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. அணிநலனுக்காக வைத்தது போலும்.

கம்பியில்லாத் தொடர்பு இவ்வட்டாரத்துக்கு நேற்று வந்ததன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய திட்டத்தில் வில்லியனூர் நடுமையம் ஆயிற்று. அங்கிருந்து கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு விஹெச்எஃப் ரேடியோ வழியே குரலும் தகவலும் போயின. எம்பலத்தில் கணினிக்கு இடம் கொடுத்தது கோயில். மின்சாரத்தை நம்ப முடியாத மையங்களில் சூரியத் தகடு வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரத்தைப் பார்த்து வில்லியனூரிலிருந்து அனுப்ப, வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் தமிழில் கேட்டது. நல்ல வேலை. நல்ல வேலை நடக்கும் இடத்தை ஆய்வாளர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். வந்தார்கள், வினாநிரல் கொடுத்தார்கள், போனார்கள். இத்திட்டம் பற்றி உலகெங்கும் எழுதப்பட்ட கட்டுரைகளை அச்செடுத்து வில்லியனூரில் அடுக்கியிருந்தால், ஆன்டெனாவுக்குத் தனியாகக் கம்பம் நட்டிருக்க வேண்டாம்.

அந்த ஒலிபெருக்கிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் கேலியில்லாமல் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரிலிருந்த ஒருவர், இத்திட்டத்தின் மையம் இருந்த தம் ஊர் நல்லவாட்டுக்குப் போன் செய்து கடல் ஏறி வருவதை எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஊர் தப்பியது. அந்தக் கருவி யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

நம் ரவுட்டர் கேட்கிறது. ஆகவே இக்கட்டுரையின் மையப் பகுதிக்கு வருகிறோம்: ரவுட்டர் முதுகுச் சாசனம்.

சாசனம் சுவரை நோக்கிய பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது. படியெடுக்க ரவுட்டரைத் திருப்ப வேண்டும்; திருப்பினால் வயர் கழன்று கூடத்தில் சீரியல் நின்றுவிடும். ஆதலால் களஆய்வு, வீட்டுப் பெரியவர்கள் உறங்கிய பின், டார்ச் வெளிச்சத்தில் நடந்தது. தொல்லியலில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆனால் அவர்களைத் திருடர்கள் என்பார்கள்.

சாசனம் பாகூருக்குப் புதிதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமளிக்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலுமாகப் பதிவு செய்கிறது. நம் சாசனமும் இருமொழிச் சாசனமே: ஆங்கிலமும் சீனமும். அமைப்பிலும் வேறுபாடில்லை. முதலில் மெய்க்கீர்த்தி: தயாரித்தவர் பெயர், மாடல், 12 வோல்ட். அடுத்து நான்கெல்லை: 192, 168, 1, 1. அந்த வாயிலில் துவாரபாலகர் இருவர். யூசர்நேம் ஒருபுறம், பாஸ்வேர்டு மறுபுறம். இருவர் பெயரும் அட்மின். கடைசியில் ஓம்படைக்கிளவி: இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது. தர்மத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பொறித்து வைத்தும் நம் ஆட்கள் ஏரியை வளைத்தார்கள். வாரண்டி போகும் என்ற வரிக்கு மட்டும் நடுங்குகிறார்கள்.

தானப்பொருள் நடுவில் இருக்கிறது: எட்டு எழுத்துப் பாஸ்வேர்டு. கம்பியில்லாப் பாதுகாப்பு விதிப்படி எட்டுக்குக் குறையக் கூடாது, அறுபத்து மூன்றைத் தாண்டக் கூடாது. நம் சாசனம் கீழெல்லையிலேயே நிற்கிறது. இவ்வெட்டில் ஐந்து எழுத்துகள் ஐயமற்றவை. ஒன்று பாதி தேய்ந்தது. சிக்கல் மூன்றாம் எழுத்திலும் ஏழாம் எழுத்திலும்.

மூன்றாம் எழுத்து வட்டமாக உள்ளது. அது பூஜ்யம் என்போர் பூஜ்யவாதிகள். ஆங்கில ஓ என்போர் ஓகாரவாதிகள். பூஜ்யவாதிகளுக்கு ஆதாரம் வலுவானது (கேபிள்காரர், வாய்மொழி). ஓகாரவாதிகள் அதே ஆசிரியரின் பிற்காலக் கருத்தைச் சுட்டுகிறார்கள் (கேபிள்காரர், வாய்மொழி, திண்ணைப் பதிப்பு, முதற்பதிப்பில் இல்லாத ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற தொடர் இதில் கூடுதல்). இவ்விரண்டையும் இணக்கப்படுத்த முயன்ற மூன்றாம் பள்ளி ஒன்றும் உண்டு; அது நம்புவது முழுக்க முழுக்க ஒரே மூலத்தை (கேபிள்காரர், வாய்மொழி, மொட்டைமாடிப் பதிப்பு; இன்சுலேஷன் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே அருளியதால் மெய்யெழுத்துகள் சிதைந்தன. ஒப்பிடுக: அதே ஆசிரியர் பைக்கை உதைத்துக்கொண்டே கூறிய சுருக்கப் பதிப்பு, சைலன்சர் ஓசையில் ஈற்றடி கிடைத்திலது. ‘அண்ணன் ஓன்னுதான் சொன்னாரு’ என்பது உடன்வந்த பையன் கொண்ட பாடம். ‘சொன்னாரா, சும்மா ஓன்னு கத்துனாரா?’ என்பது எதிர்வீட்டு ஆயாவின் உரை மறுப்பு).

இதனிடையே ஒரு சிறு உண்மை. தயாரிப்பாளர்கள் ஒட்டி அனுப்பும் பாஸ்வேர்டுகளில் பல, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அமைபவை: 0 முதல் 9 வரை, அப்பால் ஏ முதல் எஃப் வரை ஆறே எழுத்துகள். நம் சாசனத்தின் ஐயமற்ற ஐந்தும் அந்த வகைக்குள் அடங்குகின்றன. ஓ என்ற எழுத்துக்கு அங்கே பட்டாவே இல்லை. ஆக, வட்டம் பூஜ்யமே. இந்த ஒரு வரியால் எல்லாப் பள்ளிகளின் பிழைப்பும் போய்விடும் என்பதால் எல்லாப் பள்ளிகளும் கூடி இதை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டன.

ஏழாம் எழுத்து அப்படி எளிதில் தீர்வதன்று. அதன்மேல் சந்தனப் பொட்டு இருக்கிறது. ஆயுதபூஜையன்று அரிவாள்மணை, மோட்டார், மிக்சி, பைக் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது ரவுட்டருக்கும் வைத்தார்கள். முன்பக்கம் விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தபடியால் முதுகில் வைத்தார்கள். சந்தனத்துக்கு அடியில் இருப்பது 8 என்றும், பி என்றும் இரு பாடங்கள். பதினாறின் முறையில் இரண்டுக்கும் இடமுண்டு. எனவே மேற்படி உண்மை இங்கே உதவாது. ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம் என்று கருத்தறியாத ஒருவர் சொன்னார். வைத்த பொட்டை அழிப்பதா? கருத்தரங்கு நடத்தலாம் என்பதே என் முன்மொழிவு. முதல் அமர்வு பொன்னாடையில் முடியும், இரண்டாம் அமர்வு சாப்பாட்டில் முடியும். மூன்றாம் அமர்வில் சாசனத்தைப் பற்றிப் பேச வருபவரிடம் நேரமில்லை என்று துண்டுச்சீட்டு கொடுக்கலாம். இரண்டையும் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பவர்களுக்கு: அது சோதனை, ஆய்வன்று.

அடித்துப் பார்த்ததில் பயனில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். லேப்டாப்பின் பட்டியலில் ரவுட்டரின் பெயரே வரவில்லை. இதற்கு அறிவியலார் கூறும் காரணங்கள் பல. இன்றைய ரவுட்டர் 2.4, 5 என இரு அலைவரிசைகளில் பாடும். ‘ஜி’ காலத்து லேப்டாப்புக்கு 2.4 மட்டுமே கேட்கும். 2.4க்குள்ளும் நம் நாட்டில் பதின்மூன்று சேனல்கள். அமெரிக்க விதிக்குச் செய்த பழைய அட்டைகள் பல பதினொன்றோடு எண்ணுவதை நிறுத்திவிடும். ரவுட்டர் தானாகப் பதின்மூன்றாம் சேனலில் போய் உட்கார்ந்தால் அவற்றுக்கு அது இல்லாத பொருள். எக்ஸ்பியோ, 2008இல் வந்த மூன்றாம் சர்வீஸ் பேக்கையோ அதற்கென்று தனியாக விட்ட திருத்தத்தையோ ஏற்றாதவரை டபிள்யூபிஏ2 என்ற பூட்டையே அறியாது. ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அடம்பிடித்தால் எக்ஸ்பிக்கு வழியே இல்லை. போதாக்குறைக்கு ரவுட்டரை வைத்திருப்பது இரும்பு பீரோவின் மேல். இவை எல்லாவற்றையும் சரிசெய்தும் பெயர் வரவில்லை. ஆரஞ்சு விளக்கு எரிந்தவண்ணம் இருந்தது.

கடைசியில் வயரைச் செருகிப் பார்த்தோம். இணைப்பு வந்தது, இணையம் வரவில்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்றது. காரணம் கடிகாரம். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப் தன் பிறந்த காலத்துக்குத் திரும்பிவிடும். நம்முடையது 2005 ஜனவரி 1ஐக் காட்டியது. தளங்களின் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. 2005இல் நின்று பார்ப்பவனுக்கு அவை இன்னும் பிறக்கவேயில்லை. என் கவலை அதுவன்று. ஒரு நூலின் காலத்தைச் சில நூற்றாண்டுகள் முன்னே தள்ள நம் அறிஞர்கள் ஆயுள் முழுக்கப் பாடுபடுகிறார்கள், பெருநூல் எழுதுகிறார்கள், எதிர்நூல் எழுதியவரோடு பேச்சை நிறுத்துகிறார்கள். பொட்டிக்கடையில் கிடைக்கும் ஒரு பேட்டரி தீர்ந்தால் அதே வேலை சத்தமில்லாமல் நடந்துவிடும் என்பது துறைக்கு நல்ல செய்தியன்று.

தேதியைத் திருத்தியபின் சில தளங்கள் திறந்தன, பல தளங்கள் உலாவி பழையது என்று திருப்பி அனுப்பின. யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் ஒன்று வாங்கலாம், எடை குறைந்த லினக்ஸ் ஏற்றலாம் என்ற கருத்துகள் உள்ளன. அவை தீர்வு சார்ந்தவை; இக்கட்டுரை சிக்கல் சார்ந்தது.

பிற்சேர்க்கையாக ஒன்று. லேப்டாப்பின் வலப்பக்க விளிம்பில், ஹெட்போன் துளைக்குப் பக்கத்தில், நகத்தால் தள்ளக்கூடிய சிறு தள்ளு சுவிட்ச் ஒன்று உள்ளது. அதனருகே ஆன்டெனா போன்றதொரு குறி. அதைத் தள்ளினால் ஆரஞ்சு விளக்கு நீலமாகும் என்று பையன் (மேற்படி, உடன்வந்தவன்) தெரிவித்தான். இச்சுவிட்சைப் பற்றி எந்த அறிஞரும் இதுவரை எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. மறுப்பதற்கு முன்னோர் கருத்து இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்வது ஆய்வு நெறிக்குப் புறம்பாகையால், நான் அதைத் தொடவில்லை.