கறிவேப்பிலைக்குக் குளிரும்

யாழ்ப்பாணத்தில் கறிவேப்பிலையை யாரும் வளர்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது கிணற்றடியில் தன்பாட்டில் நின்றது. குளித்த தண்ணீரும் சட்டிபானை கழுவிய தண்ணீரும் வாய்க்காலில் ஓடி அதன் காலடிக்குப் போயின. கறுத்துப் பழுத்ததைக் குயில் தின்று வேலியோரம் எச்சமிட, அங்கும் கன்று முளைத்தது, வேரிலிருந்தும் முளைத்தது. கூடிப்போனால் வெட்டி எறிவோம். பக்கத்து வீட்டு மாமி, தாச்சியில் எண்ணெய் கொதித்த பிறகுதான் வேலிப்பொட்டுக்குள்ளால் தலையை நீட்டுவார்: "தம்பி, ரெண்டு நெட்டுக் கறிவேப்பிலை முறிச்சுத் தா." கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கும் குடும்பம் ஒன்று இருந்திருந்தால், அங்கே பெண் எடுக்க ஊரில் யோசித்திருப்பார்கள்.

இப்போது ஸ்காபரோவில், எங்கள் வீட்டின் தெற்குப் பக்க யன்னலோரம் அது ஒரு பெரிய சாடியில் இருக்கிறது. முந்தி அங்கே சோபா இருந்தது. விருந்தாளிகள் பேஸ்மென்டில் படுக்கிறார்கள்.

அதற்கென்று ஒரு பஞ்சாங்கமே உண்டு. மே மாதம் விக்டோரியா தினம் கழிந்த பிறகுதான் வெளியே போகும். அதுவும் எடுத்தவுடன் வெயிலுக்கு அல்ல: முதலில் நிழல், பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில், இல்லாவிட்டால் இலை வெளுத்துக் கருகிவிடும். செப்டம்பரில் இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கமுன் உள்ளே வந்துவிட வேண்டும். டிசம்பரில் ரொறன்ரோவின் பகல் 9 மணித்தியாலம்கூட நிற்பதில்லை என்பதால் தலைக்கு மேலே ஊதா நிற எல்.ஈ.டி. விளக்கு எரியும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 ஒக்டோபரிலிருந்து வீட்டில் 4 கஞ்சாச் செடி வளர்க்கலாம். அதையும் இப்படியான விளக்குக்குக் கீழேதான் வளர்க்கிறார்கள் போலும். வீதியால் போகிறவர்கள் எங்கள் யன்னலைப் பார்க்கும் பார்வையில் ஒரு புதிய நட்பு தெரிகிறது.

ஜனவரியில் இலை கொட்டும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய்த் தண்ணீரை வார்ப்பார்கள். மரம் சாகவில்லை, உறங்குகிறது. வார்க்கிற தண்ணீர்தான் வேரை அழுகவைத்து அதைக் கொல்லும். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும், அதோடு நிம்மதியாக இருக்கலாம். ஹீற்றர் காற்று நேரே படக்கூடாது. தண்டில் செதில்பூச்சி ஒட்டினால், காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். என் மனைவி எங்கள் பிள்ளைகளின் காதுகளை இவ்வளவு கவனமாகத் துடைத்ததில்லை. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் குசினிக்குள் இருந்து குரல் வரும்: "இஞ்சேருங்கோ, கதவைச் சாத்துங்கோ. கறிவேப்பிலைக்குக் குளிரும்." எனக்குக் குளிருமா என்பது தனிக் கேள்வி.

நியூ ஜேர்சித் தம்பிக்கு இந்தப் பேறும் இல்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக்குச் சொந்தம். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைக் காவுகிற சிறு பூச்சி இதிலும் குந்தும். அந்த நோய் 2005இல் புளோரிடாவில் தலைகாட்டிய பிறகு அமெரிக்காவில் இதற்குக் கெடுபிடி அதிகம். எங்கள் வீட்டுக்கு வந்தால் மிளகாய்த்தூள், ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு போவான். கறிவேப்பிலையை மட்டும் கசக்கி மணந்துவிட்டுப் போவான்.

கோடையில் நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் இது கிளைவிட்டுச் சடைக்கும். மாமிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தினமும் முறிப்பித்தார், மரமும் கிணற்றடியை அடைத்து நின்றது. எங்களுடையது ஒல்லியாக, ஒற்றைக் கம்பாக, கூரையைப் பார்த்து நிற்கிறது.

போன ஆடியில் ஆட்டிறைச்சிக் கறிக்கென்று கத்தரிக்கோலோடு அதன் பக்கம் போனேன்.

"அதில கை வைக்காதேங்கோ! இப்பதான் தளிர் விடுது. கடையில வாங்கினது பிரிட்ஜுக்குள்ள கிடக்கு, எடுங்கோ."