மேனேஜர் பேராண்டிக்கு ஒரு யோசனை

இன்னா பேராண்டி, எம்.சி. ரோடு ஜவுளிக் கடைல 'ஸ்டோர் மேனேஜர்' ஆயிட்டியாமே! ராயபுரமே பேசுது. ஓ.டி. துட்டு நின்னுபோச்சுன்னு உங்கம்மா மட்டும் பொலம்பிக்கினு இருக்குது. அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கலாமா? காலைல ஷட்டரைத் தூக்கணும், வண்டி வந்தா பண்டல் இறக்கணும், கேஷியர் வரலன்னா பில் போடணும், ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரை இறக்கணும். மேனேஜர்னா பின்ன இன்னா, நாற்காலில குந்தறதா?

உங்க முதலாளியைக் கொறை சொல்லாத. அவரு 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவரு. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மேல வேலை வாங்கினா ரெட்டைக் கூலி. அப்பவும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. ஆனா அதே சட்டத்துல 4ஆவது பிரிவு, நிர்வாகப் பொறுப்புல இருக்கறவனுக்கு இதெல்லாம் பொருந்தாதுங்குது. ரெட்டைக் கூலி குடுக்கறதுக்கு பேட்ஜ் குத்தறது மலிவு, இல்லையா?

கானாங்கெளுத்தியை வஞ்சிரம்னு காசிமேட்டு ஏலத்துல கூவிப் பாரு, கூடையத் திறந்து காட்டும்பான். கோர்ட்டும் அப்படித்தான். 1984ல டெல்டன் கேபிள் வழக்குல ஒரு செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர். கீழ வாட்ச்மேனுங்க இருந்தாங்க. எவனை எங்க நிறுத்தறதுன்னு சொல்லுவாரு, வர்ற ஆளு, போற சரக்கு எல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதுவாரு. ஆளை எடுக்கவோ நிறுத்தவோ விசாரணை வைக்கவோ அதிகாரம் கிடையாது. தொழிலாளிதான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எண்ணூர்ல கம்பெனி கேட்டுக்குக் கேட்டு அந்த மாதிரி ஒருத்தரு விறைப்பா நின்னுக்கினு இருப்பாரு, பாத்திருப்ப. அந்த வழக்கு நடந்தது தொழில் தகராறு சட்டத்துல, உன்னுது கடைச் சட்டம். பேரு இன்னான்னு இல்ல, வேலை இன்னாங்கற கேள்வி மட்டும் ஒண்ணுதான்.

அமெரிக்காவுல ஃபேமிலி டாலர்னு கடைங்க. 1,424 மேனேஜருங்க ஓ.டி. கேட்டு கேஸ் போட்டாங்க. நேரத்துல நூத்துக்கு எம்பது தொண்ணூறு அலமாரி அடுக்கறது, பில் போடறது, தரை கூட்டறதுன்னு போச்சுன்னு சாட்சி. மூன்றரைக் கோடி டாலருக்கு மேல தீர்ப்பு, 2008ல அப்பீல்லயும் நின்னுச்சு. அதே வருஷம் டோக்கியோ கோர்ட்ல ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை மேனேஜரும் ஓ.டி. ஜெயிச்சாரு.

அய்யய்யோ, நீ கேஸ் கீஸ்னு போயிடாத! சும்மா பொழுதுபோக்குக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கு. எத்தினி மணிலேர்ந்து எத்தினி மணி வரைக்கும் இன்னா வேலை, யாரு சொல்லிச் செஞ்ச, அன்னன்னிக்கே எழுது. படிச்சவங்க இதை வேலைப் பகுப்பாய்வும்பாங்க. கோட்டு போட்டுக்கினு வாட்ச்சப் பாத்து எழுதுனா அதுக்கு ஃபீஸு வேற. ஒரு வருஷத்தையும் ஒரே ராத்திரில ஒரே பேனால எழுதி வைக்காத, குறுக்கு விசாரணைல கிழிச்சிடுவாங்க.

மணிக்கணக்கு மட்டும் பத்தாது நைனா. "பண்டல் தூக்கும்போதும் கடை அவன் பொறுப்புதானே"ம்பான் கம்பெனி வக்கீல். அதுல நியாயமும் இருக்குது. அதனால முடிவு யாருதுன்னு எழுது. அம்பது ரூபா தள்ளுபடி யாரு கையெழுத்து? புதுப் பொண்ணை வேலைக்கு எடுத்தது யாரு? டூட்டி சார்ட்டு ஹெட் ஆபீஸ்லேர்ந்து வாட்ஸ்அப்ல வந்தா அதை அழிச்சிடாத. எல்லாம் நீயேதான் பண்றேன்னா நீ நிஜ மேனேஜரு. நோட்டை அடுப்புல போட்டுட்டு மாலை வாங்கிக்கோ.

கடைச் சட்டம் ஒருத்தருக்குப் பொருந்துமா இல்லையான்னு தகராறு வந்தா, 51ஆவது பிரிவுப்படி தொழிலாளர் ஆணையர்தான் முடிவு பண்ணணும். ஆபீஸு டி.எம்.எஸ். வளாகத்துல. தேரடில மெட்ரோ ஏறினா மாறாமலே ஏ.ஜி. டி.எம்.எஸ்.ல இறங்கலாம். ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும், லீவு போட்டுட்டுப் போ. அதான் மேனேஜராச்சே, உனக்கு நீயே சாங்ஷன் பண்ணிக்கோ.

இன்னாது, ஏரியா மேனேஜரைக் கேக்கணுமா? எழுது, எழுது, தேதி போட்டு எழுது.